காளியம்மனுக்கு நேர்ந்துவிட்ட வான்கோழி

ரிஸ்னாவின் வாப்பா எங்கள் வீட்டுப் பின்முற்றத்தில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். கையில் கத்தி. அதைச் சுற்றிக் கொண்டுவந்த பத்திரிகைத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்திருந்தார். முருங்கை மரத்தில் கட்டியிருந்த வான்கோழி தலையைச் சரித்து அவரைப் பார்த்தது. அவரும் அதைப் பார்த்தார். பிறகு குனிந்து அதன் காலைப் பார்த்தார்.

காலில் ஒரு மஞ்சள் துணி முடிச்சு இருந்தது.

"இது என்ன மகள், காயமா?" என்று என்னைக் கேட்டார்.

எனக்கு எப்படித் தெரியும்? காய்ச்சலில் படுத்துக் கிடந்து அன்றைக்குத்தான் எழும்பி முற்றத்துக்கே வந்திருந்தேன். கிட்டப் போய்ப் பார்க்கலாம் என்று ஓரடி வைக்க, குசினிக்குள்ளிருந்து அம்மா அகப்பையும் கையுமாக ஓடி வந்தார்.

"நானா, பொறுங்கோ! பொறுங்கோ! கத்தியைக் கீழை வையுங்கோ!"

வாப்பாவை அம்மா நானா என்றுதான் கூப்பிடுவார், அண்ணன் என்று அர்த்தம். அம்மா ஓடி நான் பார்த்ததே இல்லை. கடல் ஊருக்குள் வந்த அன்றைக்குக்கூடச் சேலையைச் சரிசெய்துவிட்டுத்தான் வெளிக்கிட்டவர். அப்படிப்பட்ட மனுசி ஒரு வான்கோழிக்காகச் சேற்றில் வழுக்கி வழுக்கி ஓடி வருகிறார். என் பக்கத்தில் நின்ற என் பல்கலைக்கழகத் தோழி ரிஸ்னா என் கையை இறுக்கிப் பிடித்தாள். அவளுடைய படிப்பு அன்று அந்த முற்றத்தில்தான் இருந்தது. அது எப்படி வான்கோழியில் வந்து நின்றது என்பதைச் சொல்லிவிட்டுத் திரும்பி வருகிறேன்.

போயும் போயும் அமெரிக்காவே?

போன வாரம் இந்தப் பத்தியில் விடுதிக் குளிரையும் என் ஆங்கிலத்தையும் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதை வாசித்த ஓர் அண்ணை என்னைச் சந்தையில் மறித்துக் கேட்டார்: "ஏன் பிள்ளை, உனக்கு உலகத்திலை படிக்க வேற ஒண்டும் கிடைக்கேல்லையே? போயும் போயும் அமெரிக்காவே?"

அண்ணை, அந்தக் கேள்வியை ஊர் எப்போதோ கேட்டு முடித்துவிட்டது. நான் அமெரிக்க வரலாறு படிக்கிறேன் என்று தெரிந்த நாளிலிருந்து திருகோணமலையில், பாலையூற்றில், எங்கள் ஒழுங்கைக்குள், அந்தச் சின்னத் தெருவுக்குள், எனக்கு நிம்மதி இல்லை. "படிச்சு முடிய அவங்களே விசா தருவாங்களோ?" என்று ஒருவர். "அங்கை எங்கட தம்பி ஒருத்தன் இருக்கிறான், பாத்தால் சொல்லு" என்று இன்னொருவர். துறைமுகத்துக்கு வெளிநாட்டுக் கப்பல் வந்துவிட்டால் போதும், சந்தி ஓட்டோக்காரர் என்னைத் தேடி வருவார்கள். "தங்கச்சி, வெள்ளைக்காரன் இளநிக்கு ஏன் சீனி கேக்கிறான்?" எனக்கு என்ன தெரியும்? எங்கள் பாடத்தில் இளநீரே வரவில்லை.

மலைநாட்டில் இருந்த எங்கள் பல்கலைக்கழகத்தில், வரலாற்றுத் துறைக்குள் "அமெரிக்க வரலாறும் பண்பாடும்" என்று ஒரு பிரிவு இருந்தது. முதலாம் வருடம் கூட்டமாகப் போய் உட்கார்ந்தோம். படிப்பித்த மிஸ் நல்ல மனுசி. ஆனால் எல்லாம் ஆங்கிலம். கிழமைக்குக் கிழமை கதிரைகள் காலியாகின. இரண்டாம் வருடம் முடிகிற நேரம், அந்தப் பாடத்தைச் சிறப்புப் பட்டமாக நாலாம் வருடம் வரை கொண்டுபோக விரும்பியவர்கள் இரண்டே பேர். நான் ஒருத்தி. கிண்ணியாவிலிருந்து வந்த ரிஸ்னா மற்றவள்.

"ரெண்டு பேராவது வேணும் பிள்ளைகள். ஒரு ஆளுக்காக நாலாம் வருசம் நடத்த விடமாட்டினம்," என்று மிஸ் சொல்லிவிட்டார்.

ஆக, என் நாலாம் வருடம் ரிஸ்னாவின் கையில். ரிஸ்னாவின் நாலாம் வருடம் அவளுடைய வாப்பாவின் கையில்.

வாப்பா கிண்ணியாவில் நெல் வியாபாரம் செய்கிறவர். நானும் அவரை வாப்பா என்றுதான் கூப்பிடுவேன். கோபக்காரர் இல்லை. கோபக்காரராக இருந்தால் அழுது சமாளித்திருக்கலாம். இவர் ஆறுதலாக இருந்து கேள்வி கேட்கிற மனுசர்.

"மூணு வருசத்துல பொதுப் பட்டம் கெடைக்கும். வந்து டீச்சர் வேலைக்குப் போடலாம். நாலாவது வருசம் என்னத்துக்கு மகள்? அமெரிக்காக்காரனுக்கு அவன்ட சரித்திரம் தெரியாதா, நீ போய்ச் செல்லிக் குடுக்க?"

கேட்டதில் நியாயமும் இருந்தது. ஆனால் எனக்கு ஒன்று தெரியும். நான் பரீட்சைக்காகப் படித்தேன். அவள் அப்படி இல்லை. அடிமைகளை ஏற்றி வந்த கப்பல்களைப் பற்றி வாசித்த அன்று அவள் விடுதியில் சாப்பிடவில்லை. "ஆரு இதைச் செய்யலாம் எண்டு செல்லிக் குடுத்த?" என்று என்னோடு சண்டைக்கு வந்தாள், ஏதோ நான்தான் கப்பல் ஓட்டினேன் என்பது போல. அவளை மூன்று வருடத்தோடு நிப்பாட்டினால் அது பெரிய அநியாயம் என்று எனக்கு அப்போதே தோன்றியது.

சமையலும் ஒரு சோதினையோ

அந்த நேரத்தில்தான் மிஸ் ஒரு வேலை தந்தார். விடுமுறைக்கு வீட்டுக்குப் போய், ஓர் அமெரிக்கப் பண்டிகையை வீட்டாரோடு சேர்ந்து செய்து பார்க்க வேண்டும். நடந்ததை நடந்தபடி எழுதிக் கொண்டு வரவேண்டும். இரண்டு பேர் சேர்ந்தும் செய்யலாம்.

நாங்கள் நன்றி நாளை, அவர்களுடைய தேங்ஸ்கிவிங்கை, எடுத்தோம். அது நம்முடைய கார்த்திகை மாதத்தில், ஒரு வியாழக்கிழமை வரும். கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கப்பலில் வந்து இறங்கிய வெள்ளைக்காரர்களுக்கு அந்த மண்ணில் என்ன விளையும் என்றே தெரியாது. முதல் குளிரிலேயே பாதிப் பேர் செத்துப்போனார்கள். அந்த மண்ணின் ஆதிக்குடிகள் அவர்களுக்குச் சோளம் நடக் காட்டிக் கொடுத்தார்கள். அறுவடை முடிய இரண்டு பகுதியும் கூடியிருந்து சாப்பிட்டார்கள். அதன் நினைவாக வான்கோழி சமைப்பார்கள். சாப்பிட முதல் ஒவ்வொருவரும் எதற்கு நன்றி சொல்கிறோம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

"சோதினை எண்டால் எழுதுவினம். இதென்னடி, சமைக்கிறதும் ஒரு சோதினையோ?" என்றார் அம்மா. ஆனால் அடுத்த நிமிடமே பக்கத்து வீட்டில் எத்தனை கதிரை இரவல் வாங்கலாம் என்று யோசிக்கத் தொடங்கிவிட்டார்.

விருந்துக்கு வாப்பாவைக் கூப்பிடுவது ரிஸ்னாவின் யோசனை. "நான் என்னத்தைப் படிக்கிறேன் எண்டு வந்து பாக்கட்டும்," என்றாள். வாப்பா சம்மதித்தார். "வாறன். அதுல என்ன இரிக்கி எண்டு பாப்பம். பாத்துட்டு நாலாம் வருசத்துக்கு ஒரு முடிவு செல்றன்" என்றாராம். இதைத் தொலைபேசியில் அவள் எனக்கு இரண்டு தரம் திருப்பிச் சொன்னாள்.

பாலம் தாண்டி வந்த விருந்தாளி

வான்கோழிக்கு எங்கே போவது? அதையும் வாப்பாவே கொண்டுவந்தார். கிண்ணியாவில் தெரிந்த ஒருவர் வீட்டில் ரெண்டு மூன்று வளர்த்தார்களாம். விருந்துக்குச் சில நாட்களுக்கு முன்பே ஓட்டோவில் ஏற்றிப் பாலம் தாண்டிக் கொண்டுவந்து எங்கள் முருங்கை மரத்தில் கட்டிவிட்டுப் போனார்.

"விருந்துக்கு வெறுங்கையோட வாறதா தங்கச்சி? நாலு நாளைக்குத் தீனியப் போட்டு வெய்ங்க. அண்டைக்கு நானே வந்து அறுத்துத் தாறன். எங்கட வீட்டுக்காரி சட்டியோட வருவா," என்று அம்மாவிடம் சொன்னார்.

பாலம் இல்லாத காலத்தில் கிண்ணியாவுக்குப் "பாதை"யில்தான் போய்வர வேண்டும் என்று அப்பா சொல்லுவார். பாதை என்றால் வாகனங்களையும் சனங்களையும் ஏற்றி இழுத்துப் போகிற மிதவை. அதில் வந்திருந்தால் வான்கோழியின் சங்கதி கரை சேர முதலே இரண்டு ஊருக்கும் தெரிந்திருக்கும். ஓட்டோவில் வந்தும் என்ன குறைந்தது? அது போட்ட சத்தத்தில் ஒழுங்கையே வேலியில் வந்து நின்றது. "அமெரிக்காவிலை இருந்தே வந்தது?" என்று ஒரு அக்கா கேட்டார். கிண்ணியாவிலிருந்து என்று சொன்னதும் அவருக்கு முகம் விழுந்துவிட்டது.

வான்கோழி வந்த மறுநாள் எனக்குக் காய்ச்சல் பிடித்தது. அடைமழைக் காலம். ஒழுங்கைக்குள் இரண்டு வீட்டுப் பிள்ளைகள் டெங்குவோடு ஆஸ்பத்திரியில். அம்மா பத்து நிமிடத்துக்கு ஒருக்கால் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தது எனக்கு இன்னும் ஞாபகம். இரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். நான் போர்வைக்குள் பிதற்றிக்கொண்டு கிடந்தேன். வெளியில் மழைக்குள் அந்தப் பறவை கத்திக்கொண்டு கிடந்தது. அம்மா வெளியே போனது தெரியும், என்ன செய்தார் என்று தெரியாது.

நேர்ந்தது நேர்ந்ததுதான்

சரி, முற்றத்துக்குத் திரும்புவோம். வாப்பா கையில் கத்தி. அம்மா கையில் அகப்பை. நடுவில் வான்கோழி.

"என்ன தங்கச்சி, என்ன நடந்த?" என்றார் வாப்பா.

அம்மா மூச்சு வாங்கினார். "எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியேல்லை நானா. குறை நினைக்காதேங்கோ. பிள்ளைக்குக் காய்ச்சல் கொதிக்குது. நான் என்ன செய்ய? பின்னாலை வந்து நிண்டு அம்மாளாச்சியைக் கும்பிட்டனான். தாயே, இவளுக்குக் காய்ச்சலை இறக்கிவிடு, ஒரு உயிரைக் கொண்டந்து உன்ட வாசலிலை விடுறன் எண்டு. எங்களிட்டை வேற கோழி இல்லை நானா. இருந்ததுகளைக் கீரி கொண்டு போட்டுது. இதுதான் நிண்டது. இதின்ட காலிலை காசு முடிஞ்சிட்டன்."

எனக்குத் தலை சுற்றியது. அது காய்ச்சல் மிச்சமா, அம்மாவா என்று தெரியவில்லை.

வெளியூர் வாசகருக்கு ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்தில் நோய் வருத்தம் வந்தால் ஒரு கோழியையோ ஆட்டையோ அம்மனுக்கு நேர்ந்துவிடுவது வழக்கம். மஞ்சள் துணியில் ஒரு காசு முடிந்து அதற்குக் கட்டிவிட்டால் அது அம்மனுடையது. பிறகு அதை அடிக்கவும் கூடாது, அறுக்கவும் கூடாது. கோயிலடியில் கொண்டுபோய் விட வேண்டியதுதான். ஆனால் விருந்தாளி விருந்துக்கென்று தந்த வான்கோழியை நேர்ந்துவிட்ட ஒரே ஆள் எங்கள் அம்மாவாகத்தான் இருப்பார்.

அடுத்த நாளே காய்ச்சல் இறங்கிவிட்டது. டெங்கு இல்லை என்று இரத்தச் சோதனையும் சொல்லிவிட்டது. டொக்டர் தந்த குளிசையும் கொஞ்சம் உதவியிருக்கலாம் என்று அப்பா வாய் தவறிச் சொல்லி, அதற்காக அம்மா அவரோடு அன்று முழுக்கக் கதைக்கவில்லை. பிறகு வாப்பாவுக்குத் தெரியாமல் வேறொரு வான்கோழி வாங்கி வைத்துவிடலாம் என்று விருந்தன்று காலையிலேயே அம்மா அப்பாவைச் சந்தைக்குக் கலைத்திருக்கிறார். திருகோணமலைச் சந்தையில் வான்கோழியா குவித்து வைத்து விற்கிறார்கள்? மனுசன் வெறுங்கையோடு வந்து வாசலில் நின்றார். வாப்பாவும் அறுத்து உரிக்க நேரம் வேண்டும் என்று சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்.

வாப்பா குனிந்து அந்த முடிச்சை இன்னொரு தரம் பார்த்தார். "நேந்ததா? காளியம்மனுக்கா?" என்று மட்டும் கேட்டார்.

"ஓம் நானா."

சட்டைப் பையிலிருந்து பத்திரிகைத் தாளை எடுத்து விரித்தார். கத்தியைச் சுற்றினார்.

"அப்ப அறுக்க ஏலா தங்கச்சி. நீங்க அறுங்க எண்டு செல்லியிரிந்தாலும் எங்களுக்கும் இனித் தின்ன ஏலா. வேற பேருக்கு நேந்தது எங்களுக்குக் கூடா."

அம்மாவுக்கு ஒரு கணம் நிம்மதி. அடுத்த கணம் அழுகை. "விருந்துக்கு வரச் சொல்லிப்போட்டு நான் இப்பிடிச் செய்து போட்டனே" என்று அகப்பையோடு தலையில் கை வைத்தார். நானோ ரிஸ்னாவின் முகத்தைப் பார்க்கவே பயந்தேன். போச்சு, நாலாம் வருடம் போச்சு என்று நினைத்தேன்.

முதலில் சிரித்தது வாப்பாவோடு வந்திருந்த ரிஸ்னாவின் உம்மா. கிண்ணியாவிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்த பெரிய சட்டியை அப்படியே நிலத்தில் கவிழ்த்து வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கெட்டிக்காரக் கோழி! ரெண்டு மார்க்கத்தாலயும் தப்பிட்டு!"

ரிஸ்னா அவசரமாக நடுவில் புகுந்தாள். "வாப்பா, இதுவும் அமெரிக்கா வழக்கந்தான். வருசா வருசம் இந்த நாளுக்கு அவங்கட ஜனாதிபதி ஒரு வான்கோழிக்கு மன்னிப்புக் குடுத்து விடுவார்."

வாப்பா வான்கோழியைத் திரும்பிப் பார்த்தார். "மன்னிக்கிறதுக்கு அது என்ன குத்தம் செஞ்ச?"



பாரை மீன் விருந்து

மீனுக்கு நேர்த்தியும் இல்லை, அறுப்பும் இல்லை. அப்பா மறுபடியும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போய் ஒரு பெரிய பாரை மீனோடு வந்தார். உம்மாவின் சட்டி நிமிர்ந்தது. அம்மாவும் உம்மாவும் குசினிக்குள் நின்றார்கள், புளி எவ்வளவு விடுவது என்று இரண்டு பேரும் கொஞ்சம் முரண்டுபிடித்தார்கள், கடைசியில் உம்மா வென்றார்.

பகல் சாப்பாட்டுக்கு மேசையில் இருந்தவை: சோறு, மீன் குழம்பு, பூசணிக்காய்க் கறி, அவித்த சோளன் கதிர், வத்தாளங்கிழங்கு என்கிற சர்க்கரைவள்ளி. மிஸ் சொன்ன சிவப்புப் புளிப்புப் பழத்துக்குப் பதிலாக ஒரு ஜாம் போத்தலும் இருந்தது. அதை யாரும் தொடவில்லை. மேசையைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. பூசணி, சோளன், வத்தாளை, குழம்புக்குள் கிடந்த மிளகாய், எல்லாமே அமெரிக்கக் கண்டங்களின் ஆதிக்குடிகள் விளைவித்து, பிறகு கடல் கடந்து வந்தவை. வான்கோழி இல்லாமலே பாதி விருந்து அமெரிக்காவாக இருந்தது. அம்மாவிடம் சொன்னேன். "சும்மா கிட. பூசணி எங்கட," என்றார்.

சாப்பிட முதல் நன்றி சொல்ல வேண்டும் என்றேன். எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நம்மில் வீட்டுக்குள் யார் நன்றி சொல்கிறார்கள்? சோறு போட்டவளுக்கு நன்றி சொன்னால், "ஏன், என்னிலை ஏதும் கோபமோ?" என்றல்லவா கேட்பாள்!

"மழை பெய்ததுக்கு," என்று அப்பா தொடக்கி வைத்தார்.

"இண்டைக்கு நான் தனியாளாச் சமைக்காம இரிந்ததுக்கு," என்றார் உம்மா.

நான் காய்ச்சல் விட்டதற்குச் சொன்னேன். அம்மா தயங்கினார். "அம்மாளாச்சிக்குத்தான். நானா ஒண்டும் நினைக்க மாட்டீங்கள்தானே?"

"நீங்க உங்கட சாமிக்குச் செல்றீங்க. அதுல நான் நினைக்க என்ன கெடக்கு தங்கச்சி?" என்றார் வாப்பா.

அடுத்தது ரிஸ்னா. தட்டைப் பார்த்தபடியே சொன்னாள். "வாப்பாக்கு. இவ்வளவு காலம் படிக்க விட்டதுக்கு."

அன்பாகத்தான் சொன்னாள். ஆனால் வெளியே வந்தபோது அது, இனி விடமாட்டீர்கள்தானே என்பது போலக் கேட்டது. சோற்றைப் பிசைந்த வாப்பாவின் கை நின்றுவிட்டது. மீன் குழம்பில் ஆவி மட்டும் போய்க்கொண்டிருந்தது. எனக்கு எழும்பி எங்காவது ஓடலாம் போல இருந்தது.

வாப்பாவின் முறை

"நான் நன்றி செல்ல முந்தி ஒண்டு கேக்கணும்," என்றார் வாப்பா. "அந்தச் சோளன் நடக் காட்டிக் குடுத்த ஆக்கள். ஒண்டா இருந்து தின்ட ஆக்கள். அவங்களுக்குப் பொறகு என்ன நடந்த?"

நான் மேசைக்குக் கீழே ரிஸ்னாவின் காலை மிதித்தேன். ஏதாவது நல்லதாகச் சொல்லு, பூசி மெழுகு என்பது அர்த்தம். இந்தப் பாடம் பிரயோசனமானது என்று காட்டத்தான் மனுசனைக் கூப்பிட்டோம். பண்டிகையே ஒரு பொய் என்று இப்போது சொன்னால் அவர் என்ன முடிவு எடுப்பார்?

ரிஸ்னா காலை இழுத்துக்கொண்டாள்.

"அவங்கட காணி போன வாப்பா," என்றாள். "வந்தவங்களுக்கு ஆக்கள் கூடக் கூடக் காணி போதாமப் போன. கடுதாசியில கையெழுத்து எண்டாங்க, வேலி எண்டாங்க. அந்த விருந்துக்கு வந்த தலைவர்ட மகன் காலத்துலயே சண்டை வந்த. மகனைக் கொன்ட. மகன்ட பொண்டாட்டி புள்ளைய அடிமையா வித்த. மிஞ்சின ஆக்கள் செதறிப் போன. இண்டைக்கும் அவங்கட ஆக்கள் கொஞ்சப் பேர் இந்த நாளை விருந்தா எடுக்கிறல்ல. துக்க நாளா நிக்கிறாங்க."

ஒரு தாளும் பார்க்காமல் சொன்னாள். வகுப்பில் ஆங்கிலத்தில் தடக்கித் தடக்கிச் சொல்கிற பெண், தன் உம்மாவின் பேச்சில் இதைச் சொன்னபோது எனக்கே முதல்முறை கேட்பது போல இருந்தது. அம்மா அகப்பையைக் கீழே வைத்தார்.

வாப்பா கையிலிருந்த சோற்றைத் தட்டிலேயே விட்டார்.

"எங்கட வாப்பா காடு வெட்டிச் செஞ்ச வயல் ஒண்டு இரிந்த," என்றார், யாரையும் பார்க்காமல். "சண்டைக்குள்ள விட்டுட்டு ஓடினம். திரும்பி வந்தா கம்பி வேலி. முதல்ல ஒரு போர்ட் போட்டிரிந்த. பொறகு வேற போர்ட். கேக்கப் போனா, உங்கட எண்டதுக்கு என்ன எழுத்து இரிக்கி எண்டாங்க. எழுத்தெல்லாம் ஓடின ஓட்டத்துல போன."

ரிஸ்னா அவரையே பார்த்தாள். "எங்களுக்கு வயல் இரிந்ததா? நீங்க ஒரு நாளும் செல்லல்லயே வாப்பா?"

"செல்லி என்ன பிரயோசனம்?" என்றார் உம்மா மெதுவாக. "அவர் அந்த ரோட்டால போறதே இல்ல. சுத்தித்தான் போவார்."

"எங்கட பெரியையாவின்ட தென்னங்காணியும் அப்பிடித்தான் போனது," என்றார் அப்பா. யார் வேலி போட்டது, எந்தப் பலகை என்று அந்த மேசையில் யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் ஒவ்வொரு வேலி தெரிந்திருந்தது. இரண்டு வருடமாக நான் பரீட்சைக்குப் பாடமாக்கியது இதைத்தானா என்று இருந்தது.

வாப்பா தலையை நிமிர்த்தினார். வழக்கமான கேள்விக் குரல் திரும்பி வந்துவிட்டது.

"இந்த அநியாயத்தை எல்லாம் அவங்கட பல்கலைக்கழகத்துல அவங்களே படிப்பிக்கிறாங்களா?"

"இப்ப படிப்பிக்கிறாங்க வாப்பா. முந்தி இல்ல. முந்தி விருந்தோட கதையை முடிச்சிடுவாங்க. அந்த ஆக்கள்ட பேரப்புள்ளைகள் போய்ப் படிச்சு, கிழடுகள்ட்டக் கேட்டுக் கேட்டு எழுதின பொறகுதான் மத்தவங்களும் எழுதத் தொடங்கின."

"எழுத்து இல்லாதவன்ட கதையை எழுதலாமா?"

"எழுதலாம். எப்பிடி எழுதிற எண்டுதான் நாலாம் வருசத்துல படிப்பிக்கிற."

வாப்பா ஒரு வாய் சோறு எடுத்தார். சாப்பிட்டார். தண்ணீர் குடித்தார். வியாபாரத்தில் விலை சொல்வதற்கு முன்னால் இப்படித்தான் செய்வாராம், பின்னாளில் உம்மா சொன்னார்.

"அப்ப மூணோட நிப்பாட்டிட்டு வந்து என்ன செய்யப் போறா?" என்றார். "நாலையும் படி."

ரிஸ்னா வாயைப் பொத்திக்கொண்டாள். நான் வெட்கமே இல்லாமல் சோற்றுக் கையோடு அழுதேன். அம்மா என் முதுகில் ஒன்று வைத்தார், அது சந்தோசத்தில் வைத்தது.

"ஆனா எனக்கிட்டக் கேக்காம நம்மட வயலைப் பத்தி ஒரு வரி எழுதக் கூடா," என்று வாப்பா விரலை நீட்டினார். "அதுட நாலு எல்லையும் தெரிஞ்சவன் இப்ப நான் மட்டுந்தான் இரிக்கிறன்."

ரிஸ்னா கண்ணைத் துடைத்தாள். கதிரையை அவர் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"கிழக்கால என்ன இரிந்த வாப்பா?"

உம்மா தண்ணீர்க் கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினார். அவர் அதைத் தொடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, அந்த வரம்பில் நடந்து போகிற மனுசரைப் போலக் கொஞ்ச நேரம் இருந்தார்.

"கிழக்கால வாய்க்கால்," என்றார்.